மழைக்குப் பின் ஆற்று நீர் தேநீர் நிறமாவது ஏன்?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்கு ஆற்றிலிருந்து நேரடியாக நீர் எடுத்துத் தொட்டியில் தேக்குகிறோம். மழைக்காலம் தொடங்கியதும் நீர் தேநீர் போலப் பழுப்பாகிவிடுகிறது. ஒரு நாள் முழுக்கத் தெளிய வைத்தும், துணியில் வடிகட்டியும் நிறம் போகவில்லை. வடிகட்டி விற்க வந்த ஒருவர் இரண்டு கம்பிகளை நீருக்குள் விட்டுக் காட்டினார்; சிறிது நேரத்தில் நீர் கறுஞ்சேறாகிவிட்டது. ஆலைக் கழிவு கலந்திருக்கிறது என்கிறார். பிளீச்சிங் பவுடரை அதிகமாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: அதிகமாகப் போடாதீர்கள், காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். ஒரு நாள் வைத்தும் நிறம் தெளியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மண்ணும் வண்டலும் அடியில் படிந்துவிடும். கரைந்த பொருள் படியாது. ஆய்வகங்களில் பெரும்பாலும் 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளைக் கடந்து வரும் கரிமப் பொருளையே (செடி, உயிரிகளிலிருந்து வரும் கார்பன் சேர்மங்களையே) கரைந்த கரிமப் பொருள் என்று கணக்கிடுகிறார்கள். அவ்வளவு நுண்ணியதைத் துணி எப்படித் தடுக்கும்?

உங்கள் நீரின் பழுப்பு நிறம் பெரும்பாலும் மக்கிய இலையிலிருந்தும் மேல்மண்ணிலிருந்தும் வந்திருக்கும். மழையில்லாத மாதங்களில் ஆற்றுக்கு வரும் நீர் ஆழமான மண்ணடுக்குகள் வழியாக ஊறி வருகிறது. வழியிலேயே களிமண் அதிலுள்ள கரிமப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை பெய்து நிலம் ஊறியதும், நீர் சருகும் மட்கும் நிறைந்த மேலடுக்கின் வழியாகவே ஓடி, ஊறவைத்த தேயிலைச் சாற்றைப்போல் அதன் சாரத்தை இறக்கிக்கொண்டு ஆற்றில் சேர்கிறது. இப்படி வருபவற்றில் முதன்மையானவை ஃபல்விக் அமிலம், ஹியூமிக் அமிலம் எனப்படும் கலவைகள். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் சிதைந்து உருவான துண்டுகள் இவற்றில் உண்டு. அவை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் நம் கண்ணுக்கு மஞ்சளும் பழுப்பும் எஞ்சுகின்றன. அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோ கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். ஆற்றில் வளரும் பாசியிலிருந்தும் வீட்டுச் சாக்கடையிலிருந்தும் வரும் கரிமப் பொருளில் புரதமும் சர்க்கரையும் மிகுதி. அவற்றுக்கு நிறம் மிகக் குறைவு. ஆகவே, சாக்கடை கலந்த நீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றக்கூடும். நிறத்தை மட்டும் பார்த்து அஞ்சுவதும் தவறு, நிறமில்லை என்று நிம்மதி கொள்வதும் தவறு.

அந்தக் கம்பி வித்தையைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் போதாது. கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாயும்போது அந்த இரும்பே கரைந்து பச்சையும் பழுப்பும் கறுப்புமான சேறாகிறது. நீங்கள் கண்டது உங்கள் நீரின் அழுக்கு அல்ல, அவருடைய கம்பி. ஒப்பிடுவதற்கு அவர் வைக்கும் சுத்திகரித்த நீரில் உப்புகள் இல்லாததால் மின்சாரம் ஓடாது, நிறமும் மாறாது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மீண்டும் கம்பிகளை விடச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும். கையடக்க டிடிஎஸ் மீட்டரும் இப்படித்தான் ஏமாற்றப் பயன்படுகிறது: அது நீரின் மின்கடத்தலை அளந்து உப்புகளின் அளவைக் கணிக்கும் கருவி, கரிமப் பொருளைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனிக்க வேண்டும், அது இரும்பு. இரும்பு மிகுந்த நீரும் பழுப்பாகலாம். கண்ணாடிக் குவளையில் நீரை ஊற்றி ஓரிரவு திறந்து வையுங்கள். அடியில் செம்மஞ்சள் படிவு தங்கி மேல்நீர் தெளிந்தால் இரும்பே காரணம். படிவு இல்லாவிட்டால் இரும்பு இல்லை என்று உடனே முடிவு செய்துவிடக் கூடாது, ஏனெனில் ஹியூமிக் பொருள்கள் இரும்பைப் பிணைத்துப் படியவிடாமல் மிதக்க வைத்துக்கொள்ளும். அப்போது இரண்டும் சேர்ந்தே நிறம் தருகின்றன, குவளைச் சோதனை உதவாது. எனவே படிவு இல்லாதபோதும் இரும்பின் அளவை ஒருமுறை ஆய்வகத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இனி பிளீச்சிங் பவுடர். அதிலுள்ள குளோரின் இந்தக் கரிமப் பொருளோடு வினைபுரிந்து, குளோரோஃபார்ம் உள்ளிட்ட ட்ரைஹாலோமீத்தேன்கள் என்னும், நெடுநாள் குடித்தால் கேடு தரக்கூடிய சேர்மங்களை உண்டாக்குகிறது. 1974-இல் நெதர்லாந்து வேதியியலாளர் ரூக் இதை வெளிப்படுத்தினார். அதோடு, கரிமப் பொருளே குளோரினைத் தின்றுவிடுவதால் கிருமிகளைக் கொல்ல மிச்சமிருப்பதும் குறைகிறது. இதற்காகக் கிருமிநீக்கத்தையே நிறுத்திவிடாதீர்கள்; கிருமிகளால் வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் படிகாரம் கலந்து கலக்கி, திரண்டு படிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள், அதன் பிறகு குளோரின் இடுங்கள். அரை மணி நேரம் கழித்தும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் போதும். கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும், நிறத்தை நீக்காது.

ஆய்வக அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. பக்கம் பக்கமாக உப்பும் கடினத்தன்மையும் இருக்கும். கரிமம் எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி இருக்காது. மாதிரி எடுத்துத் தருவதாக வரும் இடைத்தரகர்கள் பழைய பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, இரண்டு நாள் வண்டியிலேயே வைத்திருந்து கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அதற்குள் புட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் சாக்கடையின் அடையாளமான புரதங்களை உண்டு முடித்திருக்கும், அறிக்கை நன்றாக வந்துவிடும். நீங்களே சுத்தமான கண்ணாடிப் புட்டியில் பிடித்து, வெளிச்சம் படாமல் குளிர்ச்சியாக வைத்து, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். கிருமிச் சோதனைக்குரிய கிருமிநீக்கிய புட்டியை ஆய்வகத்திடமே தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரும்பு, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா ஆகியவற்றோடு கரைந்த கரிமக் கார்பன், 254 நானோமீட்டர் புற ஊதா உறிஞ்சல் (அந்த அலைநீள ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பது) ஆகிய இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு மீட்டருக்குக் கணக்கிட்ட உறிஞ்சலை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கார்பன் அளவால் வகுத்தால், 4-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இலையும் மண்ணும். 2-க்குக் கீழ் வந்தால், ஆற்றில் மேலே எங்கே சாக்கடை கலக்கிறது என்று போய்ப் பாருங்கள்.