கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

கே: ஆன்லைனில் அலுமினிய அச்சு வாங்கி, விரால் பிடிக்கத் தூண்டிலில் மாட்டும் ரப்பர் மீனை வீட்டிலேயே வார்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஓரம் நெடுகப் பிசிறு. வெட்டி வெட்டிக் கட்டைவிரல் காய்த்துவிட்டது. எந்தக் கத்தரிக்கோல் நல்லது? (தஞ்சாவூர்)

ப: கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முதலில் அச்சைப் பாருங்கள். இரண்டு பாதிகளையும் மூடி, பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். சேருமிடத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தால், பிளாஸ்டிசால் (நீங்கள் சூடாக்கி ஊற்றும் பி.வி.சி. திரவம்) கசிவது அந்த வழியாகத்தான்.

இந்த விஷயத்தில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் 1,800 ரூபாய் கொடுத்து ஓர் அச்சு வாங்கினேன். பாதிகளை நேராக நிறுத்த வேண்டிய குச்சிகள் துளைக்குள் ஆடின. வார்த்த மீனுக்கு ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே. பொத்தான் மாற்றிப் போட்ட சட்டை மாதிரி. விற்றவரிடம் கேட்டால், "பிசிறு சகஜம் சார், வெட்டிக்குங்க" என்றார். சகஜமாம்! சட்டை வாங்கினால் தையலும் நாமே போட்டுக்கொள்ள வேண்டுமா?

தாள்போல மெல்லிய பிசிறு, ஒருநாள் தலையில், ஒருநாள் வாலில் என்று இடம் மாறி வந்தால் தவறு உங்கள் கையில். கிளாம்ப்பை இறுக்குங்கள். சேருமிடத்தில் போன முறை ஒட்டிய துணுக்கைத் துடையுங்கள். பிளாஸ்டிசாலை 175 டிகிரி செல்சியஸ் பக்கம் நிறுத்துங்கள். எப்போதும் ஒரே இடத்தில் தடிமனாக வந்தால் அச்சு கோணல். திருப்பி அனுப்புங்கள்.

சரி, கேட்டதற்கும் பதில். தையல் சாமான் கடையில் முனை வளைந்த சின்ன எம்பிராய்டரி கத்தரிக்கோல் கிடைக்கும், அது போதும். மீன் முழுக்க ஆறிய பிறகு வெட்டுங்கள்; சூட்டோடு இழுத்தால் பிசிறோடு உடம்பும் கிழியும். வாலுக்கு முன்னால் மெலிந்திருக்கும் இடத்தில் நிதானம் வேண்டும். அங்கே ஒரு கீறல் விழுந்தால் முதல் கடியிலேயே வால் போய்விடும். வெட்டிய துணுக்குகளை நிறவாரியாக எடுத்து வையுங்கள், மறுபடி உருக்கி வார்க்கலாம்.

கே: பிசிறை லைட்டரால் பொசுக்கினால் வேலை சுலபமாக இருக்குமே? (கன்னியாகுமரி)

ப: அது பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரல் மேல் ஆசை இருந்தால் லைட்டரை இறக்கி வையுங்கள்.

கே: வார்த்த புழுக்களைப் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தேன். ஒரு மாதத்தில் பெட்டி கொழகொழவென்று உருகி ஒட்டிவிட்டது. பெட்டிக்காரரிடம் பணம் திருப்பிக் கேட்கலாமா? (மதுரை)

ப: கேட்கலாம், அவர் சிரிப்பார். ரப்பர் புழுவை மென்மையாக்கும் எண்ணெய்தான் சில கடின பிளாஸ்டிக்கைத் தின்கிறது. 'புழு தாங்கும்' என்று எழுதி விற்றிருந்தால் உங்கள் பக்கம் நிற்பேன். பார்த்து வாங்காதது உங்கள் தவறு. ஜிப் வைத்த பாலித்தீன் உறையில் போட்டு வையுங்கள். இன்னொன்று, 'டி.பி.இ.' என்று போட்ட புழு வேறு வகைப் பிளாஸ்டிக், அதை இதோடு சேர்க்காதீர்கள். இரண்டும் உருகி ஒரே களி ஆகிவிடும்.

கே: வீட்டிலேயே அச்சு செய்யப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதுமா?

ப: போதும், நன்றாகக் காய்ந்திருந்தால். ஈரம் மிச்சமிருந்தால் கொதிக்கும் பிளாஸ்டிசால் முகத்தில் தெறிக்கும்.

கே: ஒரு லிட்டர் பிளாஸ்டிசால் என்று பணம் வாங்கினார்கள். வந்தது முக்கால் பாட்டில். அதில் லேபிளே இல்லை. கேட்டால் 'திருப்பி எடுப்பதில்லை' என்கிறார்கள். நானும் பார்சலை வீடியோ எடுக்கவில்லை. (தூத்துக்குடி)

ப: வீடியோ இல்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள், திருடியது அவர்கள். பொட்டலத்தின் மேல் நிகர அளவும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரியும் இருந்தே ஆக வேண்டும். லேபிள் இல்லாததே உங்களுக்குச் சாட்சி. குறைபாடுள்ள பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று ஆன்லைன் விற்பனையாளர் சொல்ல 2020 மின்வணிக விதிகளில் இடமில்லை. பாட்டிலை அளவுக் குவளையில் ஊற்றி, அளவு தெரியும்படி இன்றே படம் எடுங்கள். பில், அவர்கள் அனுப்பிய பதில் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.