கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்

மேடைக்குக் கீழே நின்று பாடுகிறவர்களையும் வாசிக்கிறவர்களையும் படம் எடுப்பதுதான் பதினான்கு வருடமாக எனக்குச் சோறு போடுகிற வேலை. மாதச் சம்பளம் கிடையாது, யார் கூப்பிட்டாலும் போவேன். இந்த முறை வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் நான்கை எடுத்துப் பதில் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்துக்காக இசைக்கச்சேரி ஒன்றைப் படம் எடுத்தேன். பேசியது எட்டாயிரம் ரூபாய், நான்கு மாதமாகியும் வரவில்லை. அதற்குள் என் படத்தை போஸ்டரில் போட்டுவிட்டார்கள், என் பெயர் இல்லை. கேட்டால் ‘காசுக்குத்தானே எடுத்தீங்க, படம் எங்களோடது’ என்கிறார்கள். அப்படியா?
– வாசகர், தண்டையார்பேட்டை

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தை எடுத்தவர்தான் அதன் படைப்பாளி. ஆனால் அதே சட்டத்தின் 17-வது பிரிவு, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு விதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. அந்த ‘ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்கிற இடத்தில்தான் நம் பிழைப்பே மாட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் விஷயத்தில் அவர்கள் சொல்வது எடுபடாது. உரிமை கைமாறினாலும் ‘இது நான் எடுத்தது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரிடமே இருக்கும், அது 57-வது பிரிவு. அதைச் சுட்டிக்காட்டி இன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள், போனில் கத்த வேண்டாம்.

வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் இது நடந்தது. மின்ட் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், எதிரே நான் எடுத்த படம் இருபதடி ஃப்ளெக்ஸில் இருக்கிறது. அந்த வேலைக்கு எனக்கு வந்தது பெட்ரோல் காசு மட்டும்தான். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அவர்கள் சொன்னதும் நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அதற்கு ‘ஓகே’ என்று பதில் வராமல் பையைத் தோளில் போடுவதில்லை. பெரிய பத்திரம் எல்லாம் வேண்டாம். ‘ராயபுரத்தில் சனிக்கிழமை மாலை 6 முதல் 10 வரை. சரிசெய்த படம் 40, ஐந்து நாளில் தருவேன். உங்கள் சமூக வலைதளப் பக்கங்களில் ஒரு வருடம் போட்டுக்கொள்ளலாம், பெயர் போட வேண்டும். போஸ்டர், ஆல்பம் அட்டை என்றால் தனித் தொகை. படத்தின் உரிமை என்னுடையது. பாதி அட்வான்ஸ், மீதி படம் கொடுத்த 15 நாளில்.’ இவ்வளவுதான். இதை அனுப்பியதும் ஒருவர் பின்வாங்குகிறார் என்றால், அவரிடமிருந்து மீதிப் பணமும் வந்திருக்காது என்பது என் அனுபவம்.

பாக்கி விஷயத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் உத்யம் தளத்தில் சிறு தொழிலாக உங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும், கட்டணம் கிடையாது (காசு கேட்கிற தளத்தைத் தொடவே தொடாதீர்கள்). 2006-ஆம் வருடச் சிறு, குறு தொழில் சட்டப்படி, வாங்கிய வேலைக்கு எந்த நிலையிலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கிற வட்டி விகிதமான பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். ஆனால் வேலை முடிந்த பிறகு செய்கிற பதிவு பழைய பாக்கிக்கு உதவும் என்று நம்பிவிடாதீர்கள், அடுத்த வேலைக்கு முன்பு முடித்துவிடுங்கள்.

மேடையில் எல்.ஈ.டி. லைட் போட்டால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுகிறது. பாடுகிறவர் முகம் ஒரே சிவப்பாகப் பூசினாற்போல் ஆகிவிடுகிறது. என் கேமரா சரியில்லையா?
– வாசகர், புளியந்தோப்பு

கேமராவின் மேல் தப்பில்லை. சத்தம் வராமல் இருக்க எலக்ட்ரானிக் ஷட்டரில் (படத்தை வரி வரியாகப் பதிவு செய்கிற முறை) வைத்திருப்பீர்கள், அதை உள்ளே திரை திறந்து மூடுகிற மெக்கானிக்கலுக்கு மாற்றினாலே பட்டை பெருமளவு போய்விடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும், அதற்கு ஷட்டர் வேகம் 1/100 விநாடி ஒத்துவரும். ஆனால் மேடை எல்.ஈ.டி.யின் துடிப்பு விளக்குக்கு விளக்கு மாறும், அதனால் சவுண்ட் செக் நேரத்திலேயே போய் நான்கு வேகத்தில் எடுத்துப் பாருங்கள். பெரிய கச்சேரிகளில் முதல் மூன்று பாட்டுக்குத்தான் நம்மை முன்னால் விடுவார்கள், ஃப்ளாஷும் கூடாது என்பார்கள், அங்கே போய்ப் பரிசோதனை செய்ய நேரமிருக்காது. நான் லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/250, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 3200-இல் ஆரம்பிப்பேன். டோலக் அடிக்கிறவர் கை நிற்க வேண்டுமென்றால் 1/500. சிவப்பு லைட்டில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்துவிடும், வெளிச்ச அளவைக் காட்டுகிற ஹிஸ்டோகிராம் வரைபடத்தை நிறம் பிரித்துப் பார்த்துக் கொஞ்சம் இருட்டாகவே, பிறகு திருத்த வசதியான ரா ஃபைலில் எடுங்கள். அப்புறம், காசிமேட்டுப் பக்கம் கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் உப்புக் காற்றின் ஈரத்தைத் துடைக்காமல் பையில் போட்டு மூடாதீர்கள், லென்ஸில் பூஞ்சை பிடித்தால் செலவு தாங்காது.

எங்கள் ஏரியாவில் சாவு வீட்டில் கானா பாடுவதைப் படத்தொகுப்பாக எடுத்து ஒரு பத்திரிகைக்கு அனுப்ப ஆசை. சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான், ஆனாலும் கேமராவோடு போகத் தயக்கமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

உன் தயக்கம் நல்ல தயக்கம், தங்கச்சி. அதை விட்டுவிடாதே. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறிய பிறகு கானாவைத் தேடி வெளியிலிருந்து கேமராக்கள் அதிகம் வர ஆரம்பித்தன. அதில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் மேடை வேறு, தெருவில் ஷாமியானா போட்டு ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் விடிய விடியப் பாடுகிற கானா வேறு. அங்கே பாடுகிறவர் செத்தவரின் வாழ்க்கையைப் பாட்டாகக் கட்டுகிறார், பிள்ளைகள் பேரைச் சொல்கிறார், சேர்த்தாளிகளை, அதாவது கூட்டாளிகளைக் கூப்பிடுகிறார். கேட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ரசிகர்கள் இல்லை, பறிகொடுத்தவர்கள்.

அதனால் முதலில் கேமரா இல்லாமல் போய் உட்கார். வீட்டுக்குப் பெரியவர் யார் என்று கேட்டு அவரிடம் சொல், பத்திரிகைக்குப் போகும் என்பதையும் மறைக்காமல் சொல். பாடுகிறவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும், அது அவருடைய தொழில், அவருடைய முகம். வீட்டில் ஒருவர் வேண்டாம் என்றாலும் வேண்டாம்தான். நான் உடலை எடுப்பதில்லை, அழுகிற பெண்களை லென்ஸை இழுத்து எடுப்பதுமில்லை. டோலக் மேல் இருக்கிற விரல்கள், டீ கிளாஸ், விடிகிற நேரத்தில் தொண்டை கட்டிப்போய்ப் பாடுகிறவரின் கழுத்து நரம்பு, இவற்றிலேயே அந்த ராத்திரி முழுக்க இருக்கிறது. எடுத்த பிறகு நல்ல பிரிண்ட் ஒன்று போட்டு அந்த வீட்டுக்கும் பாடினவருக்கும் கையில் கொண்டுபோய்க் கொடு. போனில் அனுப்பினால் தொலைந்துவிடும்.

எருக்கஞ்சேரியில் ஒரு சாவில் டோலக் வாசித்த அண்ணன் ஒருவரை எடுத்தேன். கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே வாசிப்பார். பிரிண்ட் கொடுத்தபோது சட்டைப் பையில் மடித்து வைக்கப் போனார், தடுத்து அட்டைக்குள் வைத்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் வண்டியில் போகிறேன், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர், அதில் அதே படம். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். அவர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘என் புள்ள சிரிச்ச மாதிரி இது ஒண்ணுதான்பா இருக்குது’ என்றார்கள். மேலே தண்டையார்பேட்டைக்காரரிடம் பெயருக்காகச் சண்டை போடுங்கள் என்று எழுதியவன்தான் நான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த பேனரில் என் பெயரைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அன்று ராத்திரி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், கேமரா வண்டிப் பெட்டியிலேயே இருந்தது.

என் மகள் கச்சேரிகளைப் படமெடுக்கிறாள். நந்தனம் பக்கம் வேலை என்றால் வீடு வந்து சேர நடுராத்திரி தாண்டிவிடுகிறது. வேண்டாம் என்று சொல்லவும் மனசில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.
– ஒரு தாய், திருவொற்றியூர்

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், அம்மா. 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது உங்கள் மகளுக்குப் பெரிய உதவி. ஆனால் கச்சேரி இழுத்துக்கொண்டே போனால் கடைசி ரயிலைப் பிடிக்க முடியாது. அதனால் வேலை பேசும்போதே, 10 மணிக்கு மேல் போனால் வீடு வரை காருக்கு அவர்களே பணம் கட்ட வேண்டும் என்று அந்த வாட்ஸ்அப் செய்தியில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நான் கேட்டு வாங்குகிறேன், அவளும் கேட்கலாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு நல்ல காதடைப்பான் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். 85 டெசிபலை எட்டு மணி நேரம் தாங்குகிற காது, 100 டெசிபலைக் கால் மணி நேரம்தான் தாங்கும், மேடைக்கு முன்னால் அந்தச் சத்தம் சாதாரணமாக இருக்கும்.