சிஸ்டரைக் கேளுங்க: படிப்பு இருக்குது, பதவி எங்கே?

1988இல் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, 33 வருஷம் அரசு மருத்துவமனைகளில் ஓடி, செவிலியர் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றுக் கவுந்தப்பாடியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை மூன்று கடிதங்கள். முதல் கடிதமே பக்கத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. மற்ற இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 23 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் ஒன்பது மாதமாக வேலை செய்கிறேன். இன்னும் மூன்று மாதத்தில் பாண்ட், அதாவது இங்கேயே வேலை செய்வதாக எழுதிக் கொடுத்த காலம், முடிகிறது. மேலே படிக்க ஆசை. தீவிர சிகிச்சைக்கான கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படி என்கிறார் எங்கள் வார்டு இன்சார்ஜ். எம்.எஸ்சி. முடித்து, நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கும் டியூட்டர் ஆகிவிட்டால் நைட் டூட்டி இல்லை என்கிறாள் தோழி. டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன், மயக்கமருந்து கொடுக்கும் நர்ஸ் அனஸ்தடிஸ்ட் ஆனால் டாக்டர் மாதிரி சம்பாதிக்கலாம் என்கிறார். எனக்குக் கல்லூரியில் மிகப் பிடித்தது பிரசவம் பார்க்கும் லேபர் ரூம்தான். அப்பா தேங்காய்க் களம் வைத்திருக்கிறார், இரண்டு வருஷம் படிக்க வைப்பார். அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். எதை எடுப்பது? – பெயர் வேண்டாம், காங்கேயம்.

கண்ணு, என் மகள் வயதுகூட உனக்கு இல்லை, ஒருமையிலேயே எழுதுகிறேன்.

முதலில் டெக்சாஸ் கணக்கைத் தீர்த்துவிடுவோம். அமெரிக்காவில், மேலே படித்துக் கூடுதல் பொறுப்பு எடுக்கும் உயர்நிலை நர்ஸ் என்று நாலு வகை உண்டு. நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சை பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர், நர்ஸ் அனஸ்தடிஸ்ட், பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃப், ஒரு துறையில் தேர்ந்த கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். நாலிலும் சம்பளம் கூடுதல் அனஸ்தடிஸ்டுக்குத்தான், அத்தை மகன் சொன்னதில் அதுவரை சரி. ஆனால் அந்த வண்டியில் இங்கிருந்து நேராக ஏற முடியாது. முதலில் என்க்ளெக்ஸ் என்கிற அந்த நாட்டு நர்ஸ் உரிமத் தேர்வு எழுதிச் சாதாரண நர்ஸாக அங்கே போக வேண்டும். குறைந்தது ஒரு வருஷம் அந்த ஊர் ஐ.சி.யு.வில் நிற்க வேண்டும். பிறகு மூன்று வருஷம் போல டாக்டரேட் படிப்பு. இப்போது அது இல்லாமல் புதிதாக அந்த வேலைக்கு வர முடியாது. இதற்கெல்லாம் முன்னால் கிரீன் கார்டு வரிசை ஒன்று இருக்கிறது. நர்ஸ்கள் நிற்கும் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அது பத்து வருஷத்துக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. அத்தை மகன் இதைச் சொன்னாரா?

இங்கேயே மயக்கமருந்து நர்ஸ் ஆகலாமா என்றால், அப்படியொரு வேலையே நம் நாட்டில் இல்லை. அது டாக்டர் கையில் இருக்கிறது. இங்கே படிக்கிற நர்ஸ் பிராக்டிஷனர் பட்டத்தைக் காட்டி அங்கே பிராக்டிஷனராக உட்காரவும் முடியாது, அங்கே போய்த் திரும்பப் படிக்க வேண்டும். ஆகவே வெளிநாடு போக ஆசையிருந்தால் போ, அதைத் தனிக் கணக்காக வைத்துக்கொள். எந்தப் படிப்பு என்கிற கேள்வியோடு போட்டுக் குழப்பாதே.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1991 என்று நினைவு. அந்தியூர்ப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் நைட் டூட்டி. மஞ்சள் காட்டுச் சாளையில், அதாவது தோட்டத்துக் குடிசையில், தரையில் படுத்திருந்த ஒருவரை விடியற்காலை மூன்று மணிக்குக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். வயிற்று வலி, ரெண்டு தடவை வாந்தி. கடித்த தடம் இல்லை, வீக்கம் இல்லை. கேஸ் வலி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தாகிவிட்டது. என்னோடு இருந்த மூத்த சிஸ்டர் மாத்திரையைக் கொடுக்கப் போனவர், அப்படியே நின்றார். டார்ச்சை அடித்து, "மேலே பாருங்க, இன்னும் மேலே பாருங்க" என்றார். அந்த மனிதரால் இமையைத் தூக்க முடியவில்லை. கட்டுவிரியன். தூங்குகிறவரைக் கடித்தால் பல சமயம் எழுந்திருக்கக்கூடத் தெரியாது. வயிறு வலிக்கும், இமை தொங்கும், அப்புறம் மூச்சுத் தசை நிற்கும். டாக்டரை எழுப்பி, பாம்பு விஷமுறிவு மருந்தை ஏற்றி, ஈரோடு போய்ச் சேரும்வரை வேனில் மாறி மாறி, மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே போனோம். என் கட்டைவிரல் ரெண்டு நாள் மடங்கவில்லை. அவர் பிழைத்தார், அடுத்த தை மாதம் மருத்துவமனைக்கு ஒரு மூட்டை மஞ்சள் கொண்டுவந்து எங்களைத் திண்டாட வைத்தார்.

உயர்நிலை நர்சிங் என்றால் எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வரும். அந்த சிஸ்டருக்கு அதற்கென்று பட்டம் இல்லை, சம்பளத்தில் படி இல்லை. ஓய்வு பெறும்போது அவர் கையில் இருந்ததெல்லாம் சீனியாரிட்டி கொடுத்த பதவிதான். திறமை இருந்தது, அதற்கு ஒரு நாற்காலி இல்லை. உன் காலத்தில் படிப்பு வந்துவிட்டது. நாற்காலி வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கட்டு.

இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த கிரிட்டிக்கல் கேர் பிராக்டிஷனர் படிப்பு இரண்டு வருஷம், முதுநிலைப் பட்டம். வகுப்பு ஐந்தில் ஒரு பங்கு, மீதி வார்டிலேயே. சேர, பி.எஸ்சி.க்குப் பிறகு ஒரு வருஷ அனுபவம் வேண்டும், ஐ.சி.யு. என்றால் நல்லது. உனக்கு பாண்ட் முடியும்போது அது சரியாக வந்துவிடுகிறது. என்னிடம் படித்த ஒருத்தி இதை முடித்து ஒரு பெரிய மருத்துவமனையில் இருக்கிறாள். காலையில் தன் நோயாளிகளைத் தானே பரிசோதித்து, ஏ.பி.ஜி. என்கிற ரத்த வாயுப் பரிசோதனையைப் பார்த்து, வெண்டிலேட்டரில் எதைக் குறைக்கலாம் என்று யோசித்து, ரவுண்ட்ஸில் டாக்டரிடம் கேஸைச் சொல்கிறாள். மருந்தைத் தன்னிச்சையாக எழுத முடியாது, மருத்துவமனை எழுதிவைத்த வரம்புக்குள்தான். இருந்தாலும் அவள் போனில் பேசும்போது குரலே வேறாக இருக்கிறது.

இன்னொருத்தியும் அதே படிப்பை முடித்தாள். அவள் மருத்துவமனையில் திரும்ப அதே யூனிஃபார்ம், அதே டூட்டி ரோஸ்டர், ஒரு இன்க்ரிமென்ட். "மேடம், ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்து அதே பெட் நம்பர் நாலு" என்றாள். என்ன பதில் சொல்வது? பட்டம் ரெண்டு பேருக்கும் ஒன்றுதான்.

அதனால் கல்லூரிக்குப் போனால் பிராஸ்பெக்டஸ் கேட்காதே. போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது என்று கேள். அவர்களில் ஒருத்தியின் போன் நம்பர் வாங்கி, ஆஃப் நாளில் பேசு. கல்லூரிக்குச் சொந்த ஐ.சி.யு. இருக்கிறதா, எத்தனை பெட், இரண்டு வருஷமும் ஸ்டைபெண்ட் உண்டா, கவுன்சில் அங்கீகாரம் இந்த வருஷத்துக்கு இருக்கிறதா, எல்லாம் கேட்டுக்கொள். பதிலுக்கு இழுத்தார்கள் என்றால் டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடு. ஒரிஜினல் சான்றிதழை மட்டும் எங்கேயும் கொடுத்துவிட்டு வராதே.

டியூட்டர் வேலைக்கு வருவோம். நடுவில் ஆறு வருஷம் நானும் நர்சிங் பள்ளியில் இருந்தேன். நைட் டூட்டி இல்லை, உண்மை. அதற்குப் பதில் கேர் பிளான் நோட்டு நூறு, இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல், ஹாஸ்டலில் அழும் பெண்கள். பிடித்தவர்களுக்கு அது நல்ல வேலை. நைட் டூட்டிக்குப் பயந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், மூன்றாம் வருஷத்தில் அவர்கள் சொல்லிக்கொடுப்பதெல்லாம் புத்தகத்து வரியாக இருக்கும். எம்.எஸ்சி. எடுப்பதானால் அதற்கு முன் உன் ஒரு வருஷ வார்டு அனுபவத்தை மூன்று வருஷமாக்கு.

லேபர் ரூம் பற்றி நீ ஒரே வரி எழுதியிருக்கிறாய். எனக்கென்னவோ கடிதத்தில் நீ எழுத நினைத்தது அந்த வரிதான் என்று படுகிறது. மிட்வைஃபரிக்கு, அதாவது பிரசவம் பார்க்கும் நர்சிங்குக்கு, நம் நாட்டில் 2018இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது. நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி, 18 மாதம். சிக்கல் இல்லாத பிரசவத்தை மிட்வைஃபே பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தேவை இல்லாமலா? 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூறு பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்பைத் தேய்த்துவிட்டு, பிரசவம் எப்படி நகர்கிறது என்று காட்டும் பார்ட்டோகிராஃப் கோட்டைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பொறு சாமி" என்று சொல்ல ஆள் இருந்தால் அதில் சில குறையும் என்பது என் அனுபவம். ஆனால் நம் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் அந்த நாற்காலியை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்தப் பாதை பெரும்பாலும் அரசு வேலை வழியாகத்தான் போகும். அதற்கு அரசு மருத்துவப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி உள்ளே போக வேண்டும், பிரசவ வார்டில் கை பழக வேண்டும்.

என் அபிப்பிராயம் கேட்டாய். பாண்ட் முடிந்ததும் படிக்க ஓடாதே. ஒன்பது மாதத்தில் மானிட்டர் சத்தத்துக்குப் பயம் தெளிந்திருக்கும், அவ்வளவுதான். இன்னும் ஒரு வருஷம் இரு. முடிந்தால் ஆறு மாதமாவது லேபர் ரூமுக்கு மாற்றிக் கேள். ஐ.சி.யு.வில் இருக்கும் நாளில் உன்னையே ஒரு சோதனை செய்துபார். சர்க்கரை ஏறி, ரத்தம் அமிலமாகி, மூச்சு வாங்கும் நோயாளி வருகிறார். இன்சுலின் ஓடுகிறது. ரிப்போர்ட்டில் பொட்டாசியம் சரியாக இருக்கிறது. அதை ஃபைலில் சொருகிவிட்டு நகர்கிறாயா, இன்சுலின் போகப் போக இது இறங்குமே, அடுத்தது எப்போது பார்க்கச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா? தோன்றினால் கிரிட்டிக்கல் கேர் உனக்குத்தான். நாலு மணி நேரம் ஒரே பெண்ணின் கையைப் பிடித்து உட்கார்ந்தும் சலிக்கவில்லை என்றால் விடை லேபர் ரூம்.

அம்மாவிடம், மாப்பிள்ளை பார்க்கட்டும் என்று சொல். பெண் பார்க்க வரும் அன்றைக்கே நைட் டூட்டி உண்டு, படிப்பு உண்டு என்பதை உன் வாயால் சொல்லிவிடு. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு சொன்னால் அது சண்டை, காபி குடிக்கும்போதே சொன்னால் வெறும் தகவல்.

ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். இரண்டு குழந்தைகள் பிறந்து ஒன்பது வருஷ இடைவெளி. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. 36 வயதில் இனி எனக்கு என்ன இருக்கிறது? – வாசகி, கோபிசெட்டிபாளையம்.

நிறைய இருக்குதுங்க அம்மிணி. முதலில் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவைப் புதுப்பியுங்கள். அது கிடப்பில் இருந்தால் எந்தக் கதவும் திறக்காது. அப்புறம் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் அறிவிப்புகளை மாவட்ட இணையதளத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள். துணை சுகாதார நிலையங்களுக்கு இடைநிலை சுகாதாரப் பணியாளர் என்று எடுக்கிறார்கள், ஜி.என்.எம். படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். ஒப்பந்த வேலை, சம்பளமும் பெரிதல்ல. ஆனால் பிரஷர், சர்க்கரை பார்ப்பது, மாத்திரை தொடர்வது, யாரை மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் கையில் வரும். உயர்நிலை நர்சிங் என்று பெரிய ஊரில் பேசுவதற்குக் கிராமத்து வடிவம் அது. ஜி.என்.எம். முடித்தவர்கள் பட்டம் வாங்கப் படிக்கிற போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருஷம், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு பாருங்கள். ஒன்பது வருஷத்தில் மறந்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஊசி போடும் கை மறக்காது, மருந்துப் பெயர்களும் அளவுகளும்தான் மறக்கும். ஒரு மாதம் உட்கார்ந்து படியுங்கள்.

என் மகன் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருஷம். ஊரில் 'நர்ஸ் பையன்' என்று கேலி செய்கிறார்கள். மேலே படிக்க ஆண்களுக்கு வாய்ப்பு உண்டா? – ஒரு தந்தை, ராசிபுரம்.

உண்டுங்க ஐயா. மேலே சொன்ன கிரிட்டிக்கல் கேர் படிப்பு ஆண்களுக்கும் உண்டு. டயாலிசிஸ், எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர் என்று நர்சிங் முடித்த பிறகு படிக்கிற ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோக்களும் இருக்கின்றன. அவசரமாகச் சம்பாதிக்க வேண்டிய வீட்டுக்கு அது நல்ல வழி. கேலிக்கு நான் மருந்து சொல்ல முடியாது. பையனுக்கு நல்ல ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து வார்டில் நிற்கும் நேரம் கூடும், மலிவு ஷூ குதிகாலைத் தின்றுவிடும்.