மூடிய ஜிம்மில் சிக்கிய சந்தா

கேள்வி: ஓராண்டுச் சந்தாவை கிரெடிட் கார்டில் முன்கூட்டியே கட்டினேன். நான்கே மாதத்தில் ஜிம்மை மூடிவிட்டார்கள். பணம் திரும்புமா?

பதில்: கார்டில் கட்டியது நல்லதாயிற்று. கார்டு தந்த வங்கியிடம் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்து சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியே திரும்பப் பெறுவது) கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில், சேவை நின்றது தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 120 நாள் கெடு. சில வங்கிகள் அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கும். “விரைவில் திறப்போம்” என்ற பேச்சை நம்பிக் காத்திருந்தால் கெடு கடந்துவிடும். முழுத்தொகையைக் கேட்காதீர்கள்; மீதி 8 மாதத்துக்கான மூன்றில் இரண்டு பங்கே நியாயமானது, அதைத்தான் வங்கியும் ஏற்கும். ரசீது, ஒப்பந்தம், கடை மூடிய அறிவிப்பின் படம் மூன்றையும் இணையுங்கள். ஆட்டோ டெபிட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

நிறுவனம் திவாலானால், அதன் சொத்தை விற்றுக் கடன்களைத் தீர்க்கும் கலைப்பு அதிகாரியிடம், பணம் வரவேண்டியவராகப் பதிவு செய்யலாம். ஆனால் அடமானம் பெற்ற வங்கிகளுக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் பிறகே உங்கள் முறை. பெரும்பாலும் சொற்பமே மிஞ்சும்.