மாற்றுத்துணி எடுக்கப் போனவர் விலகிவிட்டாராம்!

கேள்வி: 2016 அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில், அயோவாவில் போட்டி வேட்பாளர் பென் கார்சன் விலகப்போகிறார் என்பதுபோல டெட் க்ரூஸ் அணி சொன்னதை இன்னமும் மோசடி என்கிறார்களே? சி.என்.என். செய்தியைத்தானே சொன்னார்கள்? அதுவும் குடியரசுக் கட்சியின் உள்விவகாரம். இதில் என்ன தப்பு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்தியைச் சொல்லியிருந்தால் தப்பே இல்லை. பாதியைச் சொல்லிவிட்டு, மீதிக்குச் சொந்தச் சரக்கைச் சேர்த்தார்கள்.

பிப்ரவரி 1 மாலை ஏழு மணிக்குக் காகஸ், அதாவது கட்சி ஆதரவாளர்கள் கூடி வேட்பாளருக்கு வாக்களிக்கும் கூட்டம். அதற்குச் சற்று முன், கார்சன் அடுத்த களமான நியூ ஹாம்ப்ஷயருக்கு நேரே போகாமல் புளோரிடாவில் உள்ள வீட்டுக்குப் போகிறார் என்று சி.என்.என். செய்தியாளர் ஒருவர் ட்வீட் போட்டார். முடிவு எதுவானாலும் கார்சன் போட்டியில் தொடர்வார் என்பதையும் கையோடு இன்னொரு ட்வீட்டில் சொன்னார். க்ரூஸ் அணியின் கண்ணுக்கு முதலாவது மட்டும் தெரிந்தது. 'கார்சன் பிரசாரத்திலிருந்து ஓய்வெடுக்கிறார், அடுத்த வாரம் பெரிய அறிவிப்பு வருகிறது, அவர் ஆட்களிடம் சொல்லி க்ரூஸுக்குப் போடச் சொல்லுங்கள்' என்று தங்கள் ஆட்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். அந்தப் 'பெரிய அறிவிப்பு' செய்தியாளரின் ட்வீட்டில் இல்லை. மனிதர் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போகிறார் என்பதுதான் கார்சன் தரப்பு தந்த விளக்கம்!

நம்மூர் வாக்குச்சாவடி போல நாள் முழுக்க வந்து போடுவதல்ல காகஸ். பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ எல்லோரும் ஒரே நேரத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து சில நிமிடம் பேசுவார். உடனே சீட்டில் பெயரை எழுதிப் போட வேண்டியதுதான். அந்தப் பேச்சில் 'உங்கள் ஆள் விலகப்போகிறாராமே' என்று ஒருவர் போட்டுவிட்டால், மறுப்பு வந்து சேர்வதற்குள் சீட்டு பெட்டிக்குள் இருக்கும்.

இதனால் முடிவே மாறிவிட்டது என்று டிரம்ப் குதித்தார், மறுதேர்தல் கேட்டார். அதையும் நான் ஏற்கவில்லை. கடைசி நேரத்தில் டெமாயின் ரெஜிஸ்டர் நாளிதழ் எடுத்த கணிப்பில் கார்சனுக்கு 10 சதவீதம். அன்று அவர் வாங்கியது 9.3. க்ரூஸ் 27.6, டிரம்ப் 24.3. கார்சனிடமிருந்து கொட்டிய வாக்கால் க்ரூஸ் ஜெயித்தார் என்று காட்ட இந்தக் கணக்கு போதாது. ஆனால், திருடப் போன இடத்தில் அதிகம் கிடைக்கவில்லை என்பதால் திருட்டு இல்லையென்று ஆகிவிடுமா?

உள்விவகாரம் என்கிறீர்கள். காகஸை நடத்துவது கட்சி, மாநில அரசல்ல என்பது உண்மைதான். அதே க்ரூஸ் அணி சில நாள் முன்பு அனுப்பிய தபாலைப் பாருங்கள். தலைப்பு: 'வாக்களிப்பு விதிமீறல்'. கீழே உங்கள் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் பெயர், ஆளுக்கொரு மதிப்பெண், 'எஃப்' (ஃபெயில்) கிரேடு. திங்கள்கிழமை காகஸுக்கு வந்து மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளுங்கள் என்று அறிவுரை வேறு. உள்விவகாரத்துக்கு எதற்கு அரசு நோட்டீஸ் வேஷம்? வாக்களிக்கத் தவறுவது விதிமீறலே அல்ல, நாங்கள் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை என்று அயோவாவில் தேர்தல்களைக் கவனிக்கும் மாநிலச் செயலாளர் பால் பேட் அறிக்கை விட நேர்ந்தது. அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான்.

இந்த உத்தி ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 2006இல் மிச்சிகனில், 'நீங்கள் வாக்களித்தீர்களா என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியவரும்' என்று கடிதம் போட்டுச் சோதித்தார்கள். வாக்குப்பதிவு 29.7 சதவீதத்திலிருந்து 37.8 ஆனது. அங்கே காட்டியது உண்மையான பதிவேடு. இங்கே 'விதிமீறல்' என்ற பூச்சாண்டியும் கிரேடும் சேர்ந்துகொண்டன.

க்ரூஸ் மன்னிப்புக் கேட்டார், மறுநாள், எண்ணி முடித்த பிறகு. சில நாளில் விவாத மேடை ஏறியதும் பழி சி.என்.என். பக்கம் போனது. அதே மாதம், பைபிளைப் பற்றி 'எல்லா விடையும் இதில் இருக்கிறது' என்ற இன்னொரு போட்டி வேட்பாளர் மார்கோ ரூபியோ, 'இதில் அவ்வளவாக விடை இல்லை' என்று சொன்னதாகத் தப்பாக எழுத்துப் போட்ட வீடியோவை க்ரூஸின் செய்தித் தொடர்பாளர் ரிக் டைலர் பகிர்ந்தார். அவரைப் பிப்ரவரி 22 அன்று வீட்டுக்கு அனுப்பினார் க்ரூஸ். கார்சன் விஷயத்தில் யாரையும் அனுப்பவில்லை.