பிள்ளைகளோடு ஒரு நாள் போய்வர: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வீட்டில் 5 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள். மாமனாருக்கு முழங்கால் வலி. காரில் கிளம்பி மாமல்லபுரம், முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: மூன்றும் ஒரே ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச்) சாலையில் இருப்பதால் எல்லோருக்கும் வரும் ஆசைதான். ஆனால் மூன்றாவது இடத்துக்குப் போகும்போது சின்னது தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். தென்னிந்தியப் பாரம்பரிய வீடுகளைக் காட்டும் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்கே மூன்று மணி நேரம் வேண்டும். அதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய் விடுமுறை. வாரநாளில் லீவு போட்டுக் கிளம்புகிறவர்கள் பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புவது இதனால்தான்.

பலரும் வழியில் இருக்கிறதே என்று முதலைப் பண்ணையில் முதலில் இறங்கி, உச்சி வெயிலில் மாமல்லபுரம் போய்ச் சேருகிறார்கள். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள். மாமல்லபுரம் காலை 6 மணிக்கே திறந்துவிடும். 7 மணிக்குள் ஐந்து ரதத்தில் இருக்கப் பாருங்கள். அங்கே தரை மணல், நிழல் குறைவு. 10 மணிக்கு மேல் பாறையும் மணலும் சேர்ந்து சுடும். ஒற்றைக்கல்லில் செதுக்கிய நிஜ யானை அளவுள்ள யானை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுத்து கடற்கரைக் கோயில். இரண்டுக்கும் ஒரே டிக்கெட்தான் என்பதால் முதல் இடத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. செல்போனில் முன்பே எடுத்துவிட்டால் கவுன்டர் வரிசையில் நிற்க வேண்டாம்.

பெரிய பாறையில் செதுக்கிய சிற்பத் தொகுதியான அர்ச்சுனன் தபசைக் கடைசிக்கு வையுங்கள். சாலையோரத்திலேயே இருப்பதால் மாமனார் படியேறத் தேவையில்லை, நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். பெரிய யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும். அதன் காலடியில் எலிகள். 'எங்கே இருக்கிறது, கண்டுபிடி' என்று விட்டுவிட்டால் பெரியவனுக்குப் பத்து நிமிடம் ஓடிவிடும். அடுத்துள்ள கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் காட்சியில் பசு கன்றை நக்குவதையும் காட்டுங்கள். வெண்ணெய் உருண்டைப் பாறைச் சரிவு, வருகிறவர்கள் எல்லாரும் சறுக்கிச் சறுக்கி வழவழப்பாகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொல்லுங்கள். கலங்கரை விளக்கம் இந்த முறை வேண்டாம், படிகள் செங்குத்து.

கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே நீரோட்டம் உள்ளே இழுக்கும், பலர் உயிரிழந்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. அங்கே மர நிழல் இருப்பதால் மதியத்துக்கு அது தாங்கும்.

கேள்வி: மேட்டுப்பாளையம் – ஊட்டி மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பதே இல்லை. குன்னூரிலிருந்து ஏறினால் அதே அனுபவம் கிடைக்குமா?
– வாசகர், கோவை

பதில்: பாதி கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் ரயிலில் ஊட்டி போய்ச் சேர ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்போதே முயன்றால்தான் விடுமுறைக் காலத்தில் இடம். குன்னூர் – ஊட்டி இடையே தினமும் பல ரயில்கள் ஓடுகின்றன; 19 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த நேரமே போதும் என்பது எங்கள் கருத்து. ரயில் பெட்டியில் கழிப்பறை கிடையாது. ஐந்து மணி நேரப் பயணத்தில் நடுவே ரயில் நிற்கும் நிலையங்களை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் பதித்திருப்பது கல்லாறு – குன்னூர் பகுதியில் மட்டும். அங்கே 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவுக்கு ஏற்றம் இருப்பதால் வெறும் சக்கரம் வழுக்கும். எஞ்சினின் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைக் கவ்வி ஏறும். நீராவி எஞ்சினும் அந்தப் பகுதிக்குத்தான். குன்னூருக்கு மேலே டீசல். புகையை எதிர்பார்த்து வந்த பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் பயணமே கெட்டுவிடும்.

காரில் போவதானால் உங்களைக் குன்னூர் நிலையத்தில் இறக்கிவிட்டு, ஓட்டுநர் சாலை வழியாக ஊட்டி நிலையத்துக்கு வந்துவிடட்டும். சீசனில் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். காரைக் குன்னூரில் நிறுத்திவிட்டுப் போனால் திரும்ப எடுப்பது தலைவலி. 2024 மே மாதம் முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஜூன் மாதம் வேடந்தாங்கல் போனோம். ஏமாற்றம்தான். பறவைகள் குறைந்துவிட்டனவா?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: நீங்கள் போன மாதம்தான் தவறு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகுதான் பறவைகள் கூடு கட்டும். டிசம்பர், ஜனவரி உச்சம். மழை பொய்த்த வருடம் அப்போதும் ஏமாற்றம்தான், அதனால் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மாலை 4 மணிக்குப் போனால் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கூட்டுக்குத் திரும்புவதைப் பார்க்கலாம். இருநோக்கி இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: குற்றாலத்தில் சின்னப் பிள்ளைகளை எந்த அருவியில் குளிக்க வைக்கலாம்?
– வாசகர், விருதுநகர்

பதில்: புலியருவி, சிற்றருவி. பேரருவியில் தண்ணீர் நடுவே உள்ள பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்துதான் கீழே வருகிறது. என்றாலும் கூட்ட நெரிசலில் சிறுவர்களுக்குப் பிடிமானம் இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலம். சனி, ஞாயிறைத் தவிர்த்தால் நிம்மதி. எண்ணெய், சோப்பு, ஷாம்புவுக்குத் தடை உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கிப் பழுப்பாக வந்தாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ யார் சொல்லும்வரையும் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தது இப்படித்தான்.

கேள்வி: கன்னியாகுமரி, பத்மநாபபுரம் அரண்மனை: எது முதலில்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கன்னியாகுமரிதான் முதலில், அதிலும் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு. காலை 8 மணிக்குப் படகு தொடங்கும்போதே வரிசையில் நில்லுங்கள். நேரம் ஆக ஆக வரிசை நீளும், காற்று வலுத்தால் படகையே நிறுத்திவிடுவார்கள். விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்கு இப்போது 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம். அரண்மனை கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. மதியம் 1 முதல் 2 மணிவரை உணவு இடைவேளை, ஆகவே தக்கலையில் சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு வாசலில் நிற்பதுபோல் கிளம்புங்கள்.