ஸர்ஃபு ஓதிய பிள்ளைக்கு எதற்கு மேனேஜ்மென்ட் சீட்?

காயல்பட்டினத்திலிருந்து மகளோடு என்னிடம் படிப்பு ஆலோசனைக்கு வந்த தாயார் உட்கார்ந்ததுமே கேட்டார்: "மாமாமார் எல்லாரும் ஏஐ-டேட்டா சயின்ஸ்தான் சேர்க்கச் சொல்றாங்க. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு நகையை வைக்கலாமா சார்?"

வைக்காதீர்கள் அம்மா. உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் வட்டி கட்டப்போவது மாமாமார் இல்லை.

மகளிடம் பேசியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறொன்றுக்காக. ஆறு வருடம் மதரஸாவில் ஸர்ஃபு, அதாவது அரபிச் சொல்லிலக்கணம், ஓதியவள், மனப்பாடம் செய்த வினை வாய்ப்பாட்டைப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரலாக எழுதிப் பார்த்திருக்கிறாள். 'சொன்னான்' என்பதற்கு 'கால' வரவேண்டிய இடத்தில் நிரல் 'கவல' என்றதாம். நடுவில் வாவ் என்ற வகர எழுத்து இருந்தால் அது நெடிலாகத் திரியும் என்ற விதியை அவளே சேர்த்திருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை!

இதுவே ஒரு துறை: மொழியின் இலக்கணத்தைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் கணினி மொழியியல். தமிழில் மரம், மரங்கள், மரங்களை என்று பின்னால் ஒட்டிக்கொண்டே போகலாம். அரபியில் மாற்றம் சொல்லின் வயிற்றுக்குள் நடக்கும். க-த-ப என்று மூன்று மெய்கள்: கதப என்றால் எழுதினான், காதிப் எழுதுபவர், கிதாப் புத்தகம், அதன் பன்மை குதுப். நம் தெருவில் பிள்ளைகள் ஓதப்போகும் மக்தபும் இதே வேரில் பிறந்ததுதான். ஒட்டிக்கொண்டே போகும் முறையில் பழகிய நிரல்கள் இங்கே தடுமாறின. 1987இல் மார்ட்டின் கே என்ற கணினி மொழியியலாளர், வேர் மெய்கள், அவை உட்காரும் அச்சு (எங்கே மெய், எங்கே உயிர் என்ற வடிவம்), உயிரொலி ஆகியவற்றைத் தனித்தனி நாடாக்களில், அதாவது தனித்தனி எழுத்து வரிசைகளாக வைத்து, ஒரே நேரத்தில் படித்துச் சொல்லாக்கும் வழியைச் சொன்னார். 2002இல் வெளிவந்த டிம் பக்வால்டரின் அரபிச் சொல் பகுப்பு நிரல் வேரைப் பிரிக்கவே இல்லை. முன்னொட்டு, தண்டு (ஒட்டுகள் போக மிஞ்சும் நடுப்பகுதி), பின்னொட்டு என்று மூன்று பட்டியல்கள், எது எதோடு சேரும் என்பதற்கு அட்டவணைகள், அவ்வளவுதான். பார்க்க முரட்டு வேலை, ஆனால் பின்னால் வந்த பலர் அதன்மேல்தான் கட்டினார்கள். இன்று அபுதாபி நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வகத்தின் 'கேமல் டூல்ஸ்' என்ற அரபி மொழி நிரல் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது, சொல்லைப் பிரிக்கவும் செய்யும், உருவாக்கவும் செய்யும். இன்று ராத்திரியே அவள் இறக்கிப் பார்க்கட்டும்.

சரி, படிப்பு? அரசு உதவிபெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல், மொழிப்பாடமாக அரபி. அப்புறம் கணினி மொழியியலில் முதுநிலை. ஹைதராபாத் ஐஐஐடியில் இதற்கென்றே ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். உதவித்தொகை உறுதியானால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

முதல் வருடமே கைநிறையச் சம்பளம் தரும் பாதை இது என்று நான் சொல்லமாட்டேன். மாமாமார் அதைத்தான் கேட்பார்கள், அவர்களை என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் அவளிடம் ஒன்று கேளுங்கள்: நாலு வருடம் எதை அலுக்காமல் நோண்டிக்கொண்டிருப்பாய்? எனக்கு அவள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாள்.